ஒரு மைலில் ஒரு போர்க்களம்: மனாசஸ் ஹென்றி ஹில் சுற்றுப்பாதை

வாஷிங்டன் டிசியிலிருந்து மேற்கே சுமார் 30 மைல் தொலைவில், வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் இருக்கிறது மனாசஸ் தேசியப் போர்க்களப் பூங்கா. 5,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, நடைபாதைகளும் நிறைய. முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால் அது ஹென்றி ஹில் சுற்றுப்பாதைதான். நீளம் 1.1 மைல், அதாவது ஒன்றே முக்கால் கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் எதுவும் இல்லை. குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

இருந்தும் இங்கே வருகிறவர்களில் பலர் அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு, பீரங்கிப் பக்கத்தில் ஒரு படம், குதிரைச் சிலைக்கு முன்னால் ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். "வெறும் புல்வெளிதானே" என்ற முணுமுணுப்பு வேறு. தவறு அவர்கள் மேல் இல்லை. இந்த மேட்டில் பார்க்க வேண்டியது சிலைகளோ பலகைகளோ அல்ல, தரைதான். ஆள் உயரம்கூட இல்லாத ஏற்ற இறக்கம் யாரைக் காப்பாற்றியது, யாரைக் கொன்றது என்பது நடந்தால்தான் தெரியும். அதற்கு எந்தப் பக்கமிருந்து நடக்க ஆரம்பிக்கிறோம் என்பது முக்கியம்.

போவதற்கு முன் வழியைப் பற்றிக் கொஞ்சம். ஜிபிஎஸ்ஸில் 'மனாசஸ்' என்று மட்டும் போட்டால் தெற்கே சில மைல் தள்ளி இருக்கும் ரயில் நிலைய ஊருக்குப் போய்விடுவீர்கள். இந்தப் போர்க்களத்தின் இன்னொரு பெயரான 'புல் ரன்' என்று போட்டால் சென்ட்ரவில் பக்கம் இருக்கும் புல் ரன் ரீஜனல் பார்க்கில் கொண்டுபோய் விடும். அது வேறு பூங்கா, வேறு நிர்வாகம். 'ஹென்றி ஹில் விசிட்டர் சென்டர், 6511 சட்லி ரோடு' என்று முழுசாகப் போடுங்கள். ஐ-66 நெடுஞ்சாலையில் 47-ஆம் எக்ஸிட்டில் இறங்கி சட்லி ரோட்டில் வடக்கே திரும்பினால் சிறிது தூரத்திலேயே வலது பக்கம் நுழைவாயில். ஐ-66-இன் எக்ஸ்பிரஸ் லேன்களுக்கு டோல் உண்டு. போக்குவரத்துக்கு ஏற்ப கட்டணம் ஏறும் இறங்கும். அவசரம் இல்லாவிட்டால் சாதாரண லேனிலேயே வரலாம். ரயிலில் வந்து இறங்கி நடந்து சேரக்கூடிய இடமில்லை. கார் இல்லாமல் வருவது சிரமம்.

கழிப்பறையும் குடிதண்ணீரும் விசிட்டர் சென்டரில்தான். பாதையில் எங்கும் கிடையாது. மையம் திறக்கும் நாட்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மையம் மூடியிருந்தாலும் வெளிச்சம் இருக்கும் நேரத்தில் பாதையில் நடக்கத் தடையில்லை. உள்ளே முக்கால் மணி நேர அறிமுகப் படம் ஒன்று போடுகிறார்கள். குழந்தைகளோடு வந்திருந்தால் அதை விட்டுவிட்டு, படைகளின் நகர்வைக் காட்டும் வரைபடத்தை மட்டும் நின்று பாருங்கள். ரேஞ்சர் கூட்டிப்போகும் இலவச நடை அன்றைக்கு இருந்தால் கண்டிப்பாகச் சேர்ந்துகொள்ளுங்கள். பலகைகள் சொல்லாத பாதியை அவர்கள் சொல்வார்கள்.

இனி, நடப்பதற்குத் தேவையான அளவு வரலாறு. 1861 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய மோதல். வடக்குப் படை என்பது அமெரிக்க அரசின் படை, தெற்குப் படை என்பது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை. வடக்குப் படைக்கு மெக்டவல் தலைமை, தெற்குப் படைக்கு பியூரகார்டும் ஜான்ஸ்டனும். ஜான்ஸ்டனின் ஆட்கள் ஷெனண்டோவா பள்ளத்தாக்கிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார்கள். சண்டைக்குப் படையை ரயிலேற்றிக் கொண்டுவந்து முடிவையே மாற்றிய முதல் நிகழ்வுகளில் இது ஒன்று. இரண்டு பக்கமும் பெரும்பாலானோர் பயிற்சி முடியாத இளைஞர்கள். காலையில் வடக்குப் படை வடமேற்கே சட்லி ஸ்பிரிங்ஸ் வழியாகச் சுற்றி வந்து, மேத்யூஸ் ஹில்லில் தெற்குப் படையை உடைத்தது. நண்பகலுக்குள் தெற்குப் படை பின்வாங்கி ஒதுங்கிய இடம்தான் ஹென்றி ஹில். பிற்பகல் முழுக்கச் சண்டை இந்த மேட்டில். மாலை நாலு மணி வாக்கில் வடக்குப் படை கலைந்து ஓடியது. இரண்டு தரப்பிலும் சேர்த்து 900 பேருக்கு நெருக்கமாக இறந்தார்கள். அந்தக் காலத்தில் அது நாட்டையே உலுக்கிய எண்ணிக்கை.

பாதையை வலஞ்சுழியாக நடங்கள். அதாவது விசிட்டர் சென்டரை விட்டு வெளியே வந்ததும், கண்ணை இழுக்கும் குதிரைச் சிலைப் பக்கம் திரும்பாமல், ஹென்றி வீடு தெரியும் திசையில் முதலில் போக வேண்டும். காரணம் எளிமையானது. வடக்குப் படை வந்து நின்ற இடம் அது. அவர்களுக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் போனால்தான் மேடு பேச ஆரம்பிக்கும். சிலையிலிருந்து தொடங்கினால் முடிவை முதலில் படித்த மாதிரி ஆகிவிடும்.

ஹென்றி வீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பவை வடக்குப் படையின் கேப்டன் ரிக்கெட்ஸின் பீரங்கிகள் நின்ற இடத்தைக் குறிக்கின்றன. அவரிடம் இருந்தவை ஆறு பாரட் ரகம். அடிப்பக்கம் ஒரு தடித்த இரும்புப் பட்டை சுற்றியிருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். குழாய் வாயை எட்டிப் பார்த்தால் உள்சுவரில் திருகலாகப் பள்ளங்கள் ஓடுவது தெரியும். குண்டைச் சுழலவிட்டுத் தொலைதூரம் துல்லியமாக அடிப்பதற்கான அமைப்பு அது. பீரங்கியைத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே ஏறுவதும் குழந்தைகளை ஏற்றி உட்கார வைப்பதும் விதிமீறல்.

இப்போது பீரங்கிக்குப் பின்னால் நின்று கிழக்கே, மரங்கள் இருக்கும் திசையில் பாருங்கள். புல்வெளி லேசாக உயர்ந்து, பிறகு கண்ணிலிருந்து நழுவிவிடும். அந்த நழுவலுக்குப் பின்னால், சுமார் 300 கெஜத்தில், தெற்குப் படைத் தளபதி ஜாக்ஸனின் ஐந்து வர்ஜீனியா ரெஜிமென்ட்கள் (படைப்பிரிவுகள்) தரையில் படுத்திருந்தன. இங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. தொலைதூரத்துக்கென்று செய்யப்பட்ட பீரங்கியை இவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியதில் அதன் பலமே போய்விட்டது. குண்டுகள் மேட்டைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தன. எதிரே ஜாக்ஸனிடம் இருந்த 13 பீரங்கிகளில் பெரும்பாலானவை பழைய, உள்ளே வழுவழுப்பான குழாய்கள். கிட்டத்துச் சண்டைக்கு அவை போதும், சொல்லப்போனால் அவைதான் தோது. ஒரு நல்ல ஆயுதம் தப்பான தூரத்தில் எப்படி வீணாகிறது என்பதை எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. இந்த இடத்தில் குறைந்தது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குழந்தைகள் கூட இருந்தால் ஒருவரை எதிர்ப்பக்கச் சரிவுக்கு அனுப்பி உட்காரச் சொல்லுங்கள். மறைந்துபோவதை அவர்களே பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஹென்றி வீடு அசலானது அல்ல. போரில் அழிந்த வீட்டின் இடத்தில் 1870 வாக்கில் கட்டியது. அசல் வீட்டில் ஜூடித் ஹென்றி என்ற, எண்பதைத் தாண்டிய, படுக்கையிலிருந்து எழ முடியாத விதவை இருந்தார். வீட்டுக்குள்ளிருந்து தெற்குப் படை ஆட்கள் சுடுகிறார்கள் என்று ரிக்கெட்ஸின் பீரங்கிகள் வீட்டை நோக்கித் திரும்பின. ஜூடித் ஹென்றி அதில் இறந்துபோனார். வீட்டை ஒட்டியே அவர் கல்லறை இருக்கிறது. பலர் வீட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சுற்றி வந்து அந்தச் சிறிய வேலிக்குள் எட்டிப் பாருங்கள்.

அதே இடத்தில் நிற்கும் செங்கல் நிற மணற்கல் தூணும் கவனிக்க வேண்டியது. போர் முடிந்த கையோடு, 1865 ஜூன் 11 அன்று, வடக்குப் படை வீரர்களே கட்டித் திறந்து வைத்த நினைவுச்சின்னம் அது. உள்நாட்டுப் போருக்கு எழுப்பப்பட்டவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கல்லில் பீரங்கிக் குண்டுகள் அலங்காரமாகப் பதிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பிரம்மாண்டம் எதுவும் இல்லை, சிப்பாய்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியது என்பது பார்த்ததுமே தெரியும். பூங்காவிலேயே மனதைத் தொடும் கட்டுமானம் எது என்றால் இதுதான்.

இங்கிருந்து பாதை வடகிழக்காகத் திரும்பி ராபின்சன் வீட்டு அடித்தளத்துக்குப் போகிறது. பாதிப் பேர் குறுக்கே வெட்டிச் சிலைக்குப் போய்விடுவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து வெட்டாதீர்கள். ஜேம்ஸ் ராபின்சன் அடிமை முறை நிலவிய வர்ஜீனியாவில் சொந்த நிலம் வைத்து விவசாயம் செய்த, சுதந்திரமான கறுப்பின மனிதர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அடிமைத்தளையில் இருந்த காலமும் உண்டு. முதல் போரில் வீடு தப்பியது. 1862-இல் நடந்த இரண்டாவது போரின்போது வடக்குப் படை அவருடைய தானியத்தையும் உடைமைகளையும் எடுத்துக்கொண்டது. போருக்குப் பிறகு அரசிடம் நஷ்டஈடு கேட்டு விண்ணப்பித்தார், கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. தலைமுறைகளாகக் குடும்பம் அங்கேயே வாழ்ந்தது. வீடு பின்னாளில் மாற்றிக் கட்டப்பட்டது. அதை 1993-இல் யாரோ தீ வைத்துக் கொளுத்தினார்கள். இப்போது மிச்சம் இருப்பது கல் அடித்தளம் மட்டும். எதற்காக இந்தப் போர் நடந்தது என்று பீரங்கிகளுக்கு நடுவே மறந்துபோகிறவர்களுக்கு இந்தக் கற்கள் பதில் சொல்லும். 

அடித்தளத்தைத் தாண்டி மர ஓரமாகத் திரும்பி வந்தால் ஜாக்ஸனின் வரிசை. இப்போது எதிர்ப்பக்கமிருந்து, ஹென்றி வீட்டை நோக்கிப் பாருங்கள். வீட்டின் மேல்பாதி தெரியும், நடுவில் இருக்கும் தரை தெரியாது. பீரங்கிகளை உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், சுட்டதும் பின்னுதைப்பில் அவை சரிவில் இறங்கிவிடும். குண்டு நிரப்புகிறவர்கள் மறைவிலேயே நின்று நிரப்பலாம், பிறகு தள்ளி மேலே ஏற்றிச் சுடலாம். காலாட்படை அதற்கும் பின்னால் படுத்திருக்கலாம். ஜாக்ஸன் தேர்ந்தெடுத்தது மேட்டின் உச்சியை அல்ல, உச்சிக்குப் பின்னால் இருக்கும் சரிவை. 'கல் சுவர்' (ஸ்டோன்வால்) என்ற பட்டம் அவருக்கு வந்தது இங்கேதான். சொன்னவர் தெற்குப் படையின் ஜெனரல் பர்னார்ட் பீ. மறுநாளே காயத்தால் இறந்துவிட்டார், அவருக்கும், இதே சண்டையில் இறந்த தெற்குப் படைக் கர்னல் பார்ட்டோவுக்கும் பக்கத்திலேயே கற்கள் நட்டிருக்கிறார்கள்.

சிலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1940-இல் வைத்த இந்தக் குதிரைவீரன் சிலை, ஜாக்ஸனைப் புராண நாயகன் போல நெஞ்சு நிமிர்த்தி, தசை முறுக்கேற்றிக் காட்டுகிறது. ஹென்றி வீட்டு நிலம் தெற்குப் படை வாரிசுகளின் சங்கம் ஒன்றின் கையில் இருந்து 1938-இல் அரசுக்கு வந்தது. மேட்டில் தெற்குப் பக்கச் சின்னங்கள் கூடுதலாகத் தெரிவதற்கு இந்தப் பின்னணி ஒரு காரணம். பலகைகளில் இருக்கும் எழுத்து இன்றைய ஆய்வின்படி நிதானமாக இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது சிலைதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நல்லது. வெற்றி பெற்ற பக்கம் எது என்பதும், நியாயமான பக்கம் எது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கடைசியாக, விசிட்டர் சென்டருக்குப் பக்கத்தில், தனியாக நிற்கும் கிரிஃபினின் இரண்டு பீரங்கிகள். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடக்குப் படையின் கேப்டன் கிரிஃபின் தன் இரண்டு ஹவிட்சர்களை, அதாவது குட்டைக் குழாய் பீரங்கிகளை, வரிசையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஜாக்ஸனின் வரிசையைப் பக்கவாட்டில் அடிக்கத் தயாரானார். நல்ல திட்டம். அப்போது வலது பக்கமிருந்து நீல உடை அணிந்த ஒரு படை நெருங்கியது. கிரிஃபின் சுடப் போனார். அவருக்கு மேலதிகாரியான மேஜர் பேரி, அது நம் ஆட்கள்தான், பாதுகாப்புக்கு வருகிறார்கள் என்று தடுத்துவிட்டார். வந்தது தெற்குப் படையின் 33-ஆவது வர்ஜீனியா. மிகக் கிட்டத்தில் வந்து ஒரே வீச்சில் சுட்டார்கள், பீரங்கி ஆட்களும் குதிரைகளும் சாய்ந்தார்கள். போரின் போக்கு திரும்பிய நொடி இது என்று சொல்வார்கள். வடக்குக்கு நீலம், தெற்குக்குச் சாம்பல் என்ற சீருடை ஒழுங்கு அன்றைக்கு இரண்டு பக்கமும் இல்லை. வடக்குப் படையின் 2-ஆவது விஸ்கான்சின் சாம்பல் உடையில் வந்து சொந்த ஆட்களிடமே குண்டு வாங்கியது. ரிக்கெட்ஸின் இடத்தையும் ஜாக்ஸனின் வரிசையையும் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால், பக்கவாட்டிலிருந்து அடிப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பாக இருந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

இப்படி நின்று நிதானித்து நடந்தால் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை இரைச்சல். பூங்காவின் நடுவே யுஎஸ் 29, சட்லி ரோடு என்று இரண்டு சாலைகள் குறுக்கே வெட்டிப் போகின்றன. வேலை நாள் காலையும் மாலையும் லாரிகளும் அலுவலகக் கார்களும் நிற்காமல் ஓடும். ரிக்கெட்ஸ் பீரங்கிகள் பக்கம் நின்றால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதே சில சமயம் கஷ்டம். சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன் போனால் இது பெருமளவு குறையும்.

இரண்டாவது, நிழல். ராபின்சன் வீட்டுப் பக்கம் மர ஓரத்தைத் தவிர மற்றது திறந்த வெளி. ஜூலை, ஆகஸ்டில் வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்து உடம்பைப் பிழிந்துவிடும். தொப்பி இல்லாமல், ஆளுக்கு அரை லிட்டராவது தண்ணீர் இல்லாமல் இறங்காதீர்கள். கோடை மாலைகளில் இடிமழை திடீரென்று வரும். உயர்ந்த வெட்டவெளி, சுற்றிலும் உலோகம். முதல் இடிச் சத்தம் கேட்டதுமே கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

மூன்றாவது, தரை. பாதை பெரும்பாலும் வெட்டிவிட்ட புல். காய்ந்திருக்கும்போது சாதாரண ஓட்டக் காலணி தாராளமாகப் போதும். காலைப் பனியில் பத்து நிமிடத்தில் சாக்ஸ் வரை நனைந்துவிடும், மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி காரில் இருக்கட்டும். மழைக்கு மறுநாள் செம்மண் களி காலணியில் அப்பிக்கொண்டு வழுக்கும். பெரிய சக்கரம் உள்ள ஸ்ட்ரோலர் போகும், சின்னச் சக்கரம் உள்ள குடை ஸ்ட்ரோலர் புல்லில் சிக்கி உயிரை வாங்கும். சக்கர நாற்காலியில் முழுச் சுற்றும் போவது கடினம். அப்படி வருகிறவர்கள் விசிட்டர் சென்டர் பக்கமிருந்தே கிரிஃபினின் பீரங்கிகளையும் மேட்டின் பெரும்பகுதியையும் பார்க்கலாம்.

நான்காவதுதான் உண்மையான ஆபத்து: உண்ணி. வர்ஜீனியாவில் மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை எச்சரிக்கை தேவை, மிதமான குளிர்கால நாட்களிலும் இருக்கும். உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை. உயரமான புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் ஒட்டிக்கொள்ளும். அதனால் வெட்டிவிட்ட பாதையின் நடுவில் நடந்தாலே ஆபத்து வெகுவாகக் குறையும். படத்துக்காக வளர்ந்த புல்லுக்குள் இறங்கும்போதுதான் பிரச்சினை. முழுக்கால் சட்டை போட்டு, அதன் முனையை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். துணிக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை முந்தின நாளே தெளித்துக் காயவிடலாம். அது துணிக்கு மட்டும், தோலில் படக்கூடாது. தோலுக்கு டீட் (DEET) கலந்த பூச்சி விரட்டி. வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு, காது மடலின் பின், குழந்தைகளின் தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு, நகப்பூச்சு எல்லாம் வேண்டாம். போட்ட துணியைத் துவைக்கும் முன்பே டிரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒளிந்திருப்பவை செத்துவிடும். சில நாட்கள் கழித்துச் சிவந்த வளையமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போர்க்களத்தில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

விதிகளில் நம் ஆட்கள் அடிக்கடி தடுமாறுவது இரண்டில். ட்ரோன் பறக்கவிடுவது தேசியப் பூங்காக்களில் தடை. தரையில் கிடக்கும் பழைய உலோகத் துண்டையோ குண்டையோ எடுப்பதும், மெட்டல் டிடெக்டரோடு நடப்பதும் மத்திய அரசுக் குற்றம். பார்த்தால் அப்படியே விட்டுவிட்டு ரேஞ்சரிடம் சொல்ல வேண்டும். நாய் கூட்டி வரலாம், ஆனால் ஆறடிக்கு மிகாத கயிற்றில். பாய் விரித்துச் சாப்பிடவும் பந்து விளையாடவும் அதற்கென்று ஒதுக்கிய பிக்னிக் பகுதிக்குப் போய்விடுங்கள். புளியோதரைப் பொட்டலத்தை ஹென்றி வீட்டு நிழலில் பிரிக்க வேண்டாம். அது ஒரு கல்லறைக்குப் பக்கத்து இடம்.

எப்போது போகலாம்? ஏப்ரல் நடுப்பகுதியும் அக்டோபர் கடைசியும் சிறந்தவை. இன்னொரு நேரத்தையும் பரிந்துரைக்கலாம்: பனி இல்லாத ஒரு டிசம்பர் காலை. இலை உதிர்ந்து, புல் தாழ்ந்திருக்கும்போது மேட்டின் வளைவுகள் மறைப்பின்றித் தெரியும். காற்றுக்கு மட்டும் தயாராகப் போக வேண்டும்.

நடையில் பழக்கமுள்ளவர்களுக்கு 1.1 மைல் போதாது. அவர்களுக்கு முதல் மனாசஸ் பாதை இருக்கிறது. 5.4 மைல், இதே மேட்டில் தொடங்கி இங்கேயே முடியும் சுற்று. கிழக்கே காட்டு வழியாக இறங்கி ஸ்டோன் பிரிட்ஜ், புல் ரன் ஓடைக்கரை, வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் ஓடையைக் கடந்த துறை, வடக்கே மேத்யூஸ் ஹில், ஸ்டோன் ஹவுஸ், பிறகு மீண்டும் ஹென்றி ஹில். இரண்டரை முதல் மூன்று மணி நேரம், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஏப்ரல் நடுவில் ஓடைக்கரை முழுக்க நீலமணிப் பூக்கள் பூத்துக் கிடக்கும். பெருமழைக்குப் பின் கரையோரப் பகுதி சேறாகிவிடும், பலகை நடைபாதையும் வழுக்கும். முக்கிய எச்சரிக்கை: இந்தச் சுற்றில் யுஎஸ் 29-ஐக் கால்நடையாகக் கடக்க வேண்டும். ஸ்டோன் ஹவுஸ் சந்திப்பில் சிக்னல் இருக்கிறது, அங்கே பொறுமையாக விளக்குக்குக் காத்திருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் குழந்தைகளின் கையை விடவே கூடாது.

ஓடையில் நிற்கும் ஸ்டோன் பிரிட்ஜும் அசல் அல்ல. அசலைத் தெற்குப் படை 1862 மார்ச்சில் பின்வாங்கும்போது தகர்த்தது, இப்போதிருப்பது 1884-இல் கட்டியது. மாறாக, சந்திப்பில் இருக்கும் ஸ்டோன் ஹவுஸ் போருக்கு முந்தைய கட்டடமே. இரண்டு போர்களிலும் காயம்பட்டவர்களைக் கிடத்திய இடம். மாடித் தரைப் பலகையில் காயம்பட்ட சிப்பாய்கள் கத்தியால் செதுக்கிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. சில நாட்களில் மட்டுமே உள்ளே விடுகிறார்கள். விசிட்டர் சென்டரிலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

நேரம் ஒரு மணிதான் என்றால் ஹென்றி ஹில் மட்டும். இரண்டு மணி நேரம் இருந்தால், ஹென்றி ஹில் முடித்துக் காரை ஸ்டோன் பிரிட்ஜ் பார்க்கிங்கில் நிறுத்தி, அங்கே இருக்கும் ஒன்றரை மைலுக்கு உட்பட்ட சின்னச் சுற்றை நடக்கலாம். முழு நாள் இருந்தால் முதல் மனாசஸ் பாதையைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலில் காரிலேயே 1862 ஆகஸ்ட் 28 முதல் 30 வரை நடந்த இரண்டாவது போரின் இடங்களுக்குப் போகலாம். அதில் டீப் கட் முக்கியமானது. கட்டி முடிக்காத ரயில்பாதையின் மண்மேட்டுக்குப் பின்னால் தெற்குப் படை நின்ற இடம். அந்தப் போர் இன்னும் பெரியது, இன்னும் கொடூரமானது. அதன் கடைசி மாலையில் வடக்குப் படை தற்காத்து நின்றதும் இதே ஹென்றி ஹில்லில்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் பூங்காவின் விளிம்பில் கட்டுமானம் எழுப்ப நினைப்பவர்கள் ஓய்வதில்லை. 1988-இல் ஷாப்பிங் மால் வரப் பார்த்தது. அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. 2023 டிசம்பரில், பூங்காவை ஒட்டி 2,000 ஏக்கருக்கு மேல் டேட்டா சென்டர்கள் கட்டுவதற்குக் கவுண்டி வாரியம் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த ஒப்புதல் செல்லாது என்றது. இந்தப் பகுதியில் வாழ்ந்து, தகவல் தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கவுண்டி கூட்டங்களில் பேச வாக்காளர்களாக உள்ள நமக்கும் உரிமை உண்டு. ஒரு தடவை மேட்டில் நடந்துவிட்டுப் போய்ப் பேசினால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்து பேசலாம்.